குழந்தையின் கையில் உள்ள புத்தகம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பள்ளிக் கட்டிடத்தைப் பற்றி நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று அக்கட்டிடத்தினுள் அமர்ந்திருக்கும் குழந்தையின் கையில் உள்ள புத்தகத்தைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன்.

நியூஸிலாந்தின் ஆதிகுடிகள் மாவோரிகள். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்களுக்கென ஏற்பட்ட பள்ளிகளில் ஆங்கிலமே போதனா மொழி. தாய்மொழி பேசியதற்காகப் பிள்ளைகள் அடிபட்டதும் உண்டு. அவ்வாறு வளர்ந்தோர் பலர், தம் மக்களாவது துன்புறாதிருக்கட்டும் என்று வீட்டிலும் ஆங்கிலமே பேசலாயினர். மொழி முதியோர் நாவில் மட்டுமே தங்கிவிடுமோ என்னும் நிலை வந்தது.

பள்ளிகளில் மாவோரி மொழியைக் கற்பிக்க வேண்டுமென்று 30,000-க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் 1972-இல் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. 1982-இல் வெலிங்டன் நகருக்கு அருகே முதல் ‘மொழிக் கூடு’ தோன்றிற்று. முதியோர் பேசக் கேட்டுக் குழந்தைகள் பழகும் பாலர் பள்ளி அது. 1987-இல் மாவோரி ஆட்சிமொழியாயிற்று.

கூடு கட்டியாயிற்று, குஞ்சுகளுக்கு இரை வேண்டாவா? தக்க புத்தகங்கள் மிகக் குறைவு. ஆங்கிலப் புத்தகத்தின் வரிகள்மேல் மாவோரிச் சொற்களை எழுதி ஒட்டிப் பெற்றோரும் ஆசிரியரும் சமாளித்தனர். வரியை மறைக்கலாம், படத்தை என் செய்வது? டிசம்பர் அங்கே கோடைக்காலம். இங்கிலாந்துப் படத்திலோ பனி கொட்டிக்கொண்டிருக்கும்!

இக்குறையைத் தீர்க்க முன்வந்தோருள் ஒருவர் ராபின் பார்க் என்னும் மாவோரி அம்மையார். தம் கணவருடன் சேர்ந்து 1991-இல் ‘ஹூயா’ பதிப்பகத்தை நிறுவினார். ஹூயா என்பது ஒரு பறவை. அதன் இறகை மாவோரித் தலைவர்கள் தலையில் சூடினர். 1907-க்குப் பின் அப்பறவையை உறுதியாகக் கண்டோர் இலர். பறவை மீளாது, மொழி மீளலாம் அன்றோ! குழந்தைக் கதைகளையும் பள்ளி நூல்களையும் இப்பதிப்பகம் மாவோரியில் வெளியிட்டது. கல்வித் துறையின் ஒப்பந்தப் பணிகளையும் ஏற்றது. மாவோரி எழுத்தாளர்களுக்கென 1995 முதல் சிறுகதைப் போட்டியும் நடத்தி வந்தது. இது தருமமன்று, தொழில் என்பதைக் கவனியுங்கள்.

உழவர்களே, நாம் கார்த்திகை என்னும் விண்மீன் கூட்டத்தை அவர்கள் மாதாரிகி என்பர். குளிர்காலத்து வைகறையில் அது எழுவதே பலருக்குப் புத்தாண்டு. அதன் ஒளியைக் கண்டு வரும் விளைச்சலை முன்னோர் கணித்தனர். சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவர்களது பழம்பயிர். இவையெல்லாம் புத்தகத்தில் இல்லையென்றால், தன் பாட்டனார் ஒன்றும் அறியாதவர் என்றே குழந்தை எண்ணும். பெரிய நஷ்டம் அதுவே.

நம் மலைப்புறங்களிலும் இருளர், காணிக்காரர் முதலியோரின் குழந்தைகள் பள்ளிக்கு வருகின்றனர். அவர்கள் வகுப்பில் வாய் திறவாதிருந்தால் மந்தம் என்று முடிவுகட்ட வேண்டாம். அவ்வூர்ப் பாட்டி ஒருவரை அங்கன்வாடிக்கு அழைத்துக் கதை சொல்லச் செய்யுங்கள். படித்த இளைஞர் ஒருவர் அதை நோட்டில் எழுதிக் கொள்ளட்டும். இதற்கு மானியம் வேண்டுவதில்லை. மனம் ஒன்றே போதும்.