தரசேனர் வைத்த தேர்வும் நூலகக் கணினியும்

(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆகம ஏடுகளைப் பீடத்தில் எழுந்தருளச் செய்து பூசிக்கும் திருநாள் சுருத பஞ்சமி. புட்பதந்தரும் பூதபலியும் அருளிய ஷட்கண்டாகமம் நிறைவெய்திய நாளாக இது போற்றப்படுகிறது. அவ்விருவருள் பூதபலி முனிவர் தமிழ்நாட்டுக்கு வந்தவர் என்று தவளா உரை கூறுகிறது.

கற்பிக்கத் தொடங்குமுன் தரசேன ஆசாரியர் கிரிநகர்க் குகையில் அவ்விருவரையும் சோதித்தார். ஒருவருக்கு ஓரெழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவருக்கு ஓரெழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்து உருவேற்றச் செய்தார். தோன்றிய தேவதைகளுள் ஒருத்திக்குப் பல் முன்நீண்டிருந்தது. மற்றொருத்திக்கு ஒரு கண் இல்லை. தேவதையர்க்கு இவ்வூனம் இயல்பன்றே என்று இருவரும் ஐயுற்றனர். மந்திரத்தை ஆராய்ந்து, பிழையைத் தாமே திருத்தி, மீண்டும் உருவேற்றினர். பின்னர் ஆசாரியரிடம் வந்து நடந்ததை எல்லாம் கூறினர். அதன் பிறகே ஆகமம் கற்பிக்கப்பட்டது. பிழை அணுகாதவாறு குகை வாயிலை அடைத்து வைக்க ஆசாரியர் எண்ணவில்லை. பிழையைக் கண்டறியும் கண் மாணாக்கரிடம் உண்டா என்றே பார்த்தார்.

ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி நடக்கும் நெய்வேலி நகரியத்தில், பிள்ளைகள் நூலகம் செல்வதைத் தடுக்கும் பெற்றோர் இரார். ஆயினும் பொது நூலகங்களில் இன்று நூலடுக்கின் அருகே இணையக் கணினியும் இடம்பெறத் தொடங்கியதால், புதியதோர் அச்சம் எழுந்துள்ளது. பிள்ளை அங்கே காணத் தகாததைக் கண்டுவிட்டால்? கணினியையே அகற்றிவிடலாம் என்பார் சிலர். நூலகர் பார்த்துக்கொள்ளட்டும் என்பார் வேறு சிலர்.

கணினியை அகற்றினால் இழப்பு யாருக்கு? வீட்டில் இணைய வசதி உள்ள பிள்ளைக்கு அன்று. உதவித்தொகை விண்ணப்பத்துக்கும் நுழைவுத்தேர்வு விவரத்துக்கும் நூலகத்தையே நம்பி வரும் பிள்ளைக்கு. 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி, ஊரார் செலுத்தும் வரியோடு நூலக வரியும் சேர்ந்தே பெறப்படுகிறது. நூலகம் ஊருக்குப் பொது. தம் பிள்ளைக்கு எல்லை வகுக்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. அயலார் பிள்ளைக்கும் அதனையே விதிக்க உரிமை இல்லை.

நூலகரோ பெரும்பாலும் ஒருவரே. நூல் கொடுப்பதும் பதிவேடு எழுதுவதும் அவர் பணி. அவர் ஒவ்வொரு பிள்ளையின் தோளருகிலும் நிற்பது எங்ஙனம்? வடிகட்டும் மென்பொருள் உதவும், ஓரளவுக்கு. அமெரிக்காவில் மத்திய அரசின் இணைய உதவி பெறும் பொது நூலகங்களுக்கு அதனை 2000ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்றது. ஆயினும் அம்மென்பொருள் நல்ல மருத்துவப் பக்கத்தைத் தடுப்பதும், தீய பக்கத்தைத் தவறவிடுவதும் உண்டு. சல்லடைக்குப் பொருளின் அளவு தெரியும்; தரம் தெரியாது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலையே கேட்கிறது.

எல்லாவற்றினும் அஞ்சத் தக்கது வேறொன்று. தவறுதலாக ஒரு தீய படத்தைக் கண்ட சிறுவன் வீட்டில் வந்து சொல்கிறான். அன்றே அடி விழுகிறது. நூலக அட்டை பறிபோகிறது. மறுமுறை அவன் சொல்வதில்லை. முன்பின் அறியாத எவரோ திரையின் வழியே நட்பாகப் பேசி அவனது படத்தைக் கேட்கும் நாளிலும் சொல்வதில்லை. பிராயச்சித்த வகைகளுள் முதலாவதாக ஆலோசனையை வைத்தது சமணம். குருவின் முன் மறைக்காமல் உரைப்பது அது. அஞ்சாமல் உரைக்க இடமில்லாத வீட்டில் பிள்ளை அதனை எங்கே பழகும்?

ஆங்கிலம் தெரியாதே, கணினி தெரியாதே என்று தாய்மார் தயங்க வேண்டியதில்லை. அருகில் ஒரு நாற்காலியில் அமர்ந்து, "இதை எழுதியவர் யார்? எதற்காக எழுதினார்? உனக்கு எப்படி உண்மை என்று தெரிந்தது?" என்று தமிழில் கேட்டாலே போதும். சுரங்கத்தில் காலை ஷிப்ட் முடித்து வரும் தந்தைக்கு மாலைப் பொழுது கையில் இருக்கிறது. வாரத்தில் ஒரு மாலை அவரும் பிள்ளையுடன் நூலகம் வரை நடக்கலாம்.