லயத்து வாசலில் காய்கறித் தோட்டம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பிள்ளைகள் பரிசு வாங்குகிற நாளில் இந்த வாத்தியார் கத்தரிக்காயைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டில் படித்த ஒரு பையன் நம் பள்ளியை விட்டுப் போனான். குடும்பம் தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனது. மாறுதல் கடிதம் வாங்க வந்த அவன் தாயார், வீட்டை விட்டுப் போவதற்குக்கூட அவ்வளவு வருத்தப்படவில்லை. கொல்லையில் மாமியார் நட்ட முருங்கையையும் கறிவேப்பிலையையும் சொல்லித்தான் கண் கலங்கினார். "வீடு கம்பெனி வீடு, மண்ணு கம்பெனி மண்ணு. சரி. மரத்தை எப்படி சார் தூக்கிட்டுப் போறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குத்தான், தூக்கிக்கொண்டு போகக்கூடிய தோட்டம் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வீட்டைச் சுற்றிக் காய்கறி போடுவது நமக்குப் புதிதல்ல. 1974-இல் துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது பச்சைப் புத்தகத் திட்டம் வந்தது. சும்மா கிடக்கும் நிலத்தில் எல்லாரும் பயிர் செய்யுங்கள் என்றார்கள். நம் பெரியவர்கள் அதற்கு முன்பிருந்தே லயத்துக்குப் பின்னால் வெண்டையும் மிளகாயும் போட்டு வந்தவர்கள்தாம். நமக்குத்தான் இப்போது நிலம் நிச்சயமில்லை.

என் முதல் முயற்சியைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கியவன் என்கிற தைரியத்தில், பள்ளிக்குப் பின்னால் செம்மண்ணை வெட்டி இருபது கறுப்புப் பைகளில் நிரப்பி, சிமெண்டு நடைபாதையில் வரிசையாக அடுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. இரண்டே வாரத்தில் இருபதும் காய்ந்தன. செம்பனை நாற்றுமேடையில் பல வருடம் வேலை செய்த பாட்டி ஒருவர், பேரனைக் கூட்டிப் போக வந்தவர், பைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் இறங்கவில்லை. "என்னா சார், செங்கல்லு சுட்டு வச்சிருக்கீங்க?" என்றார்.

அந்தப் பாட்டியிடம் கற்றதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். செம்மண் மட்டும் போட்டால் மழையில் இறுகும், வெயிலில் கல்லாகும். மூன்று பங்கு மண், இரண்டு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு மணல் என்று கலக்க வேண்டும். சாணமோ ஆட்டுப் புழுக்கையோ நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணத்தைப் போட்டால் வேர் வெந்து போகும்.

அடுத்தது சூடு. நம் ஊரில் வெயில் இலையைச் சுடுவதைவிட, கறுப்புப் பையின் பக்கவாட்டில் விழுந்து வேரைச் சுடுவதுதான் பெரிய கேடு. சிமெண்டின் மேல் வைத்தால் அடியிலிருந்தும் சுடும். ஆகவே பைகளைப் பலகை மேலோ செங்கல் மேலோ நெருக்கமாக வையுங்கள். ஒன்றின் நிழல் இன்னொன்றுக்கு ஆகும். மேற்குப் பக்கம் பழைய சாக்கைத் தொங்க விடுங்கள். மண்ணின் மேல் தேங்காய் மட்டையோ காய்ந்த புல்லோ பரப்புங்கள். காலையில் பிரட்டுக்குப் போகுமுன் ஒரு தண்ணீர், சாயங்காலம் ஒரு தண்ணீர். மழை பெய்த அன்று வேண்டாம். ஆனால் அடிக்கடி பெய்யும் நம் மழை பையிலுள்ள சத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல், வாரம் ஒரு முறை கொஞ்சமாகப் போடுவதே நல்லது.

என்ன போடலாம்? கங்கோங்கும் கீரையும் ஒரு மாதத்தில் சட்டிக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது, முதலில் அதைக் கொடுங்கள். வெண்டையும் பயற்றங்காயும் ஒன்றரை மாதம், கத்தரியும் மிளகாயும் அதற்கு மேலும் ஆகும். கேமரன் மலை முட்டைக்கோசைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அங்குள்ள குளிர் இங்கே இல்லை. தக்காளியும் நம் இரவுச் சூட்டில் பூவை உதிர்த்துவிடும். கத்தரிச் செடி பச்சையாகவே திடீரென்று வாடிச் சாவதைப் பார்த்திருப்பீர்கள். அது மண்ணிலுள்ள நோய். சுண்டைக்காய்ச் செடியின் தண்டில் கத்தரியை ஒட்டுக் கட்டினால் அந்த நோயைத் தாங்கும். ஆறாம் ஆண்டு மாணவர்கள் நான்கு செடி ஒட்டினார்கள், இரண்டு பிழைத்தன. எனக்கு அதுவே பெரிய பரிசு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சமையல் எண்ணெய் டின், அரிசிச் சாக்கு, ஓட்டை வாளி, எதில் வேண்டுமானாலும் செடி வையுங்கள். புல்லுக்கு மருந்து அடித்த டிரம்மில் மட்டும் வைக்காதீர்கள். "நாலு தடவை கழுவிட்டேன் சார்" என்று ஒரு தகப்பனார் என்னிடம் சொன்னார். வீட்டில் கழுவினால் போகிற அழுக்கல்ல அது. பாரகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அதைத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் பழைய டிரம் இன்னும் சில வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது, சில வீட்டில் தண்ணீரும் பிடித்து வைத்திருக்கிறார்கள். நான் கண்ணால் பார்த்தேன். அதை ஓட்டை போட்டு, யாரும் எடுத்துப் புழங்காதபடி ஸ்டோரில் ஒப்படைத்துவிடுங்கள். தாய்மார்களே, வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டால் வாத்தியார் சொன்னார் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, செடிக்கு அடியில் வைக்கும் தட்டு. அதில் நிற்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், ஏழெட்டு நாளில் கொசுவாகிப் பறக்கும். தட்டே வைக்காதீர்கள், வைத்தால் நாள்தோறும் கவிழ்த்துவிடுங்கள். மாடி வீட்டுக்குப் போகிறவர்கள் மதில் மேல் செடியை வைக்க வேண்டாம். கீழே நம் பிள்ளைகள்தாம் நடக்கிறார்கள்.

அந்த அம்மா பள்ளி விடுமுறையில் ஒரு நாள் வந்தார். பழைய வீட்டுக் கறிவேப்பிலையின் அடியில் முளைத்திருந்த பக்கக்கன்றை வேரோடு எடுத்து, எண்ணெய் டின்னில் வைத்துக் கொடுத்தோம். முருங்கையிலும் ஒரு போத்து வெட்டிக் கொடுத்தேன். இடுப்பு உயரத்தில் நுனியை வெட்டிக்கொண்டே வந்தால், கீரைக்காவது ஆகும்.

அந்த மரத்தடியில் இன்னும் கன்றுகள் முளைத்துக் கொண்டிருக்கின்றன. அவற்றைப் பைக்கு மாற்றி வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள். டின் மட்டும் நீங்கள் கொண்டு வர வேண்டும், அடியில் ஓட்டை போட்டு.