வென்றானா, ஏமாற்றினானா?





நம் வீடுகளில் நன்னி தமிழில் பேசுகிறார். அத்தா தமிழும் மலாயும் கலந்து பேசுகிறார். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். ஆக, நாம் எல்லாருமே தினமும் மொழிபெயர்ப்பாளர்கள்தாம். அந்த வேலையில் நம்மை அடிக்கடி இடறச் செய்யும் ஒரு சொல்லை இன்று எடுத்துக்கொள்வோம். அது 'அவுட்விட்'.

புத்தியால் மற்றவரை மிஞ்சுவது என்பது இதன் பொருள். 'அவுட்ஸ்மார்ட்', 'அவுட்ஃபாக்ஸ்' ஆகியவையும் இதே குடும்பம். ஆங்கிலத்தில் இவை பெரும்பாலும் பாராட்டு. நாமோ அவசரத்தில் 'ஏமாற்றினான்' என்று சொல்லிவிடுகிறோம். தமிழில் அது பழி. கெட்டிக்காரன் ஒரே சொல்லில் குற்றவாளியாகிவிடுகிறான்.

நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த சாங் கஞ்சில் கதையையே பாருங்கள். ஆற்றைக் கடக்க வேண்டிய சருகுமான், "உங்களை எண்ணிவரச் சொல்லி ராஜா சுலைமான் கட்டளை" என்று முதலைகளை வரிசையாக நிற்கவைக்கிறது. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே முதுகு முதுகாகத் தாவி அக்கரை சேர்கிறது. அது சொன்னது பொய்தான். ஆனாலும் கதை சொல்பவர் பல்லுக்குத் தப்பிய அந்தச் சிறிய உயிரின் பக்கமே நிற்கிறார். 'முதலையை ஏமாற்றியது' என்று முடித்தால் கதை முதலையின் பக்கம் சாய்ந்துவிடும். 'புத்தியால் வென்றது' என்றால் கதை கதையாகவே இருக்கும். மாறாக, காகத்தைப் பாடச் சொல்லி வடையைத் தட்டிக்கொண்டு போன நரிக்கு 'ஏமாற்றியது' என்பதே சரியான சொல்.

இனி மரபுத்தொடர்கள். ஒருவரின் கண்ணை மறைத்துக் காரியம் சாதிப்பதை ஆங்கிலேயர் 'கண்மேல் கம்பளியை இழுத்துவிடுவது' என்கிறார்கள். நாம் 'கண்ணில் மண்ணைத் தூவுவது' என்கிறோம். மலாய்க்காரர்கள் 'மெங்ஙாபுயி மாத்தா' என்கிறார்கள்; அதில் இருப்பது சாம்பல். கம்பளி, மண், சாம்பல் என்று பொருள்தான் வேறு. மூன்று மொழியிலும் மறைக்கப்படுவது கண். இங்கே கம்பளியைத் தமிழுக்குத் தூக்கிவர வேண்டியதில்லை. மண்ணே போதும்.

எல்லாம் இப்படி எளிதாகப் பொருந்துவதில்லை. 'காலை இழுப்பது' ஆங்கிலத்தில் வெறும் கேலி. நம்மிடம் 'காலை வாரிவிட்டான்' என்றால் நம்பவைத்துக் கைவிட்டான் என்று பொருள். ஒரு விளையாட்டுப் பேச்சைப் பெரியவரிடம் இப்படி மொழிபெயர்த்தால் வீண் மனத்தாங்கல்தான் மிஞ்சும். அதேபோல் 'அல்வா கொடுத்துவிட்டான்' என்பதை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால், "எனக்கும் வேண்டும்" என்று பேரன் கை நீட்டுவான்!

தமிழில் இதற்கெல்லாம் சொற்பஞ்சம் இல்லை. புத்திசாலித்தனம், சாமர்த்தியம், தந்திரம், சூழ்ச்சி, வஞ்சகம், மோசடி என்று படிப்படியாக இறங்கும் ஏணியே இருக்கிறது. எந்தப் படியில் நிற்பது என்று தெரிய வேண்டுமானால், பேசுபவர் மெச்சுகிறாரா, பழிக்கிறாரா, யாருடைய உரிமை பறிபோனது என்று கேட்க வேண்டும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இன்று தொலைபேசியில் மோசடிக்காரர்கள் முதியோரைத் தேடி வருகிறார்கள். 'மோசடிக்காரனை அவுட்ஸ்மார்ட் செய்யுங்கள்' என்ற எச்சரிக்கையை, 'அவனை ஏமாற்றுங்கள்' என்று நன்னியிடம் சொன்னால் அவருக்கு என்ன விளங்கும்? "நாம் ஏன் ஒருவரை ஏமாற்ற வேண்டும்?" என்றுதான் கேட்பார். 'அவனுக்குப் பிடிகொடுக்காதீர்கள், வங்கி எண்ணைச் சொல்லாமல் போனை வைத்துவிடுங்கள்' என்றால் உடனே புரியும். சரியான சொல் அவருடைய சேமிப்பையே காப்பாற்றலாம்.

கடை வைத்துப் பிழைக்க இந்த மண்ணுக்கு வந்த நம் முன்னோரில் பலர் பேரத்தில் சாமர்த்தியத்தை மெச்சினார்கள். எடையில் குறைப்பதை ஹராம் என்றார்கள். இரண்டுக்கும் நடுவே இருந்த கோட்டை அவர்கள் தமிழில்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் 'ஏமாற்று' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் அந்தக் கோடு பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பிள்ளைகள் எந்த மொழியில் கேட்டாலும் கேட்கட்டும். வென்றான் என்பதையும் ஏமாற்றினான் என்பதையும் நாம் பிரித்தே சொல்வோம்.