நெய்தலுக்கு நாம் அனுப்புவது



கடலை நேரில் காணுமுன்பே கடற்பாட்டு எழுதியவன் நான். சேலத்திலும் நாமக்கல்லிலும் பிறந்த நம்மில் பலர் அத்தகையோரே. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூறையும் கற்றோம், உப்புக்காற்றை அறிந்தோமில்லை.

இன்று காணொளி அக்குறையைத் தீர்க்க வந்துள்ளது. ஒரு நாட்டு மாணவர் தம் கடற்கரையையும் மீனவர் வழக்கையும் பிற நாட்டு மாணவர்க்குத் திரைவழியே காட்டி உரையாட இயலும். நம் பள்ளிகளும் இதில் சேர வேண்டும் என்பது என் விருப்பம். ஆயின், அவர்கள் கடலைக் காட்டும்போது நாம் எதைக் காட்டுவது?

சென்னையில் 1988ஆம் ஆண்டு தோன்றிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், தை தொடங்கிப் பங்குனி வரை, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் மணலில் நடக்கின்றனர். பங்குனி ஆமை ஒரு முறைக்கு ஏறத்தாழ நூறு முட்டையிடும். அவற்றைப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கின்றனர். 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். ஒளிமிக்க திசையை நாடுவது அவற்றின் இயல்பு. தெருவிளக்கை நம்பி ஊர்ப்பக்கம் சென்று மடிவதும் உண்டு.

ஒடிசாவில் அடையாளத் தகடு பொருத்தப்பட்ட ஆமைகள் இலங்கைக் கடலிலும் கண்டறியப்பட்டுள்ளன. ஆமைக்கு நாட்டெல்லை இல்லை. அதைக் காப்போரும் எல்லை கடந்து பேசியாக வேண்டும். 2025 சனவரியில் சென்னைக் கரையோரத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கினால், மூச்சுவிட மேலேற வழியின்றி அவை மாண்டுபோகும்.

இனி நம் பங்கு. சேலம் நகரினூடே ஓடும் திருமணிமுத்தாறு நாமக்கல் மாவட்டத்தில் காவிரியைச் சேர்கிறது. நம் சாக்கடை நீரும் பிளாஸ்டிக் பையும் அதனோடு கலந்து, நாமக்கல் கவிஞர் பிறந்த மோகனூர்க் கரையைக் கடந்து, பூம்புகார்த் திசை நோக்கிப் போகின்றன. நீரில் மிதக்கும் பையை, சொறி எனப்படும் இழுதுமீன் என்றெண்ணிக் கடலாமை விழுங்குகிறது.

ஆகவே நம் மாணவர் ஏற்காட்டு எழிலைக் காட்டுமுன் திருமணிமுத்தாற்றின் கரையைக் காட்டட்டும். “இதை அனுப்புவோர் நாங்கள், இதை நிறுத்த என்ன செய்யலாம்?” என்று கேட்கட்டும். சற்று நாணமாகத்தான் இருக்கும். அந்த நாணத்திலிருந்தே உண்மையான நட்பு தொடங்கும்.

கவிஞர்களே, இவ்வட்டத்தில் பத்தாண்டுகளாக ஆற்றைப் பாடினோம். இனி அது சென்று சேருமிடத்தையும் நினைந்து பாடுவோம். என் பழைய கடற்பாட்டைத் திருத்தத் தொடங்கியுள்ளேன். இம்முறை அதன் முதலடியில் வருவது நம் ஆறு.