பின் சேர்ந்தால் போதுமா?



2011-ல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் லேப்டாப் வீட்டுச் சாமானாகிவிட்டது. அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கியதைத் தம்பி கல்லூரிக்குக் கொண்டுபோவான். இப்படிக் கைமாறும்போது முதலில் போவது சார்ஜர்தான். ஒயரை முறுக்கி முறுக்கி வைத்ததில் பின்னுக்குப் பக்கத்தில் பிய்ந்திருக்கும். உடனே சின்னமனூரிலோ தேனியிலோ ஒரு கடையில் போய் நின்று, "அண்ணே, இந்தப் பின்னு சேர்ற மாதிரி ஒண்ணு குடுங்க" என்போம். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பழைய அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்று போட்டு வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்று இரண்டு எண் இருக்கும். பெருக்கினால் வாட். லெனோவோவில் பரவலாக வருவது 20 வோல்ட், 3.25 ஆம்பியர். ஏசரில் 19, 3.42. டெல்லில் 19.5, 3.34. பெருக்கிப் பாருங்கள், மூன்றும் 65 வாட்தான். வோல்ட் மட்டும் வேறு. வோல்ட் பழையதில் உள்ளபடியே இருக்க வேண்டும். அதில் சமாதானம் வேண்டாம்.

வாட் கதை வேறு. "90 வாட் போட்டா போர்டு எரிஞ்சிரும்" என்று பயப்படுகிறவர்கள் நிறைய. வீட்டு லைனில் மோட்டாரே ஓடுகிறது. அதே லைனில் 9 வாட் பல்பை மாட்டினால் பல்பு 9 வாட்தானே எடுத்துக்கொள்கிறது? லேப்டாப்பும் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். கரண்டு பில்லும் அதனால் ஏறாது.

ஆபத்து குறைவதில்தான். 65 வாட் கேட்கும் மெஷினுக்கு 45 வாட் மாட்டினால், மூடி வைத்திருக்கும்போது சார்ஜ் ஏறும். வேலை பார்க்கும்போது இறங்கும். அடாப்டர் கை வைக்க முடியாமல் கொதிக்கும். சில மெஷின்கள் வாட் போதவில்லை என்று தெரிந்ததும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் வைரஸ் என்று நினைப்போம்.

சில பின்களின் நடுவில் ஊசி மாதிரி ஒரு கம்பி இருக்கும். அடாப்டர் தன் வாட்டை மெஷினுக்குத் தெரிவிக்கும் வழி அது. அது வளைந்துவிட்டால் லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. பேட்டரிக்குக் காசு செலவழிக்கும் முன், இன்னொரு சரியான அடாப்டரை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு சமாதானமும் உண்டு: "லோ வோல்டேஜ், அதான் ஏறலை." திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் போட்டதும் ஃபேன் அசந்து சுற்றுவது உண்மைதான். ஆனால் அடாப்டர் லேபிளில் 'இன்புட்' 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்கும். 230 வர வேண்டிய இடத்தில் 170 வந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். மின்வாரியத்தைத் திட்டுவதற்கு வேறு காரணம் தேடிக்கொள்ளலாம்.

மலிவான டூப்ளிகேட்டில் எழுதியிருக்கும் வாட்டை நம்ப முடியாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இந்த அடாப்டர்களுக்கு அது கட்டாயம்.

புதிய மெஷின்களில் டைப்-சி வந்துவிட்டது. இதில் எத்தனை வோல்ட் என்பதைச் சார்ஜரும் லேப்டாப்பும் பேசி முடிவுசெய்துகொள்ளும். நமக்கு வாட் மட்டும் கணக்கு. ஆனால் ஒயரையும் கவனியுங்கள். சாதாரண டைப்-சி ஒயர் 3 ஆம்பியர்தான் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். 100 வாட் சார்ஜர் வாங்கி, போனோடு வந்த ஒயரை மாட்டினால் 60-க்கு மேல் வராது. 5 ஆம்பியர் ஒயர் என்று கேட்டு வாங்குங்கள்.