சீறா கேட்ட வீடுகள்



நம் முன்னோரில் பலர் வரலாற்றைக் காதால் படித்தவர்கள். உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5,027 பாடல்கள் கொண்டது. ஏடுகளில் இருந்த அந்நூலை 1842இல் செய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் அச்சேற்றினார். அச்சான பின்பும், தனியே வாசித்துப் பொருள் காண்பது எல்லாருக்கும் எளிதாக இல்லை. ஒருவர் பாடுவார், ஒருவர் பொருள் சொல்வார், மற்றவர்கள் கூடியிருந்து கேட்பார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பு, நபித்துவம், ஹிஜ்ரத் ஆகிய மூன்று காண்டங்களும் இப்படித்தான் மனத்தில் பதிந்தன.

தமிழெழுத்து அறியாதவர்களுக்கு அரபுத்தமிழ் கைகொடுத்தது. குர்ஆன் ஓதப் பழகியவர்கள், அதே அரபெழுத்தில் தமிழையும் படித்தார்கள். நம் பெண்கள் பலர் மார்க்கச் சட்டமும் நபிமார் வரலாறும் அறிந்தது இவ்வழியில்தான்.

1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்த இந்தப் பினாங்கில், இன்று நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் கேட்டால் புரிகிறது, படிக்க வரவில்லை. இதற்காக வருந்துவதோடு நாம் நின்றுவிடலாகாது. எழுத்தறியாமலே வரலாறு அறிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வாரம் ஒருநாள், மஃரிபுக்குப் பின், படிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் வாய்விட்டுப் படிக்கட்டும். பிள்ளைகள் இடைமறித்துக் கேள்வி கேட்கட்டும். கேட்டுப் பழகிய பிள்ளைக்கு எழுத்தின்மேல் ஆசை பிறக்கும். இந்த மலரிலிருந்தே தொடங்குவோம்.

அல்லாஹ் நம் முயற்சிக்குத் துணை நிற்பானாக, ஆமீன். வஸ்ஸலாம்.