நாவலுக்கும் நாடகத்துக்கும் மார்க்கு
(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இந்தக் கோடையில் மூன்று நாவல்களும் ஒரு நாடகமும் படித்தேன். அவைகளுக்குப் பத்துக்கு எத்தனை மார்க்கு என்று சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள்.

நம்மவர்கள் மார்க்குப் போடும் முறை எப்படி? ஆசிரியர் பேர் பெற்றவரானால் ஏழு. நடை இனிப்பாயிருந்தால் எட்டு. கதாநாயகி புருஷனுக்காக அழுது அழுதே செத்தால் பத்துக்குப் பத்து! நானும் ஒரு காலத்தில் அப்படிப் போட்டவன்தான். இவ்வருஷம் ஒரே கேள்வி வைத்துக் கொண்டேன். கதையில் வரும் பெண்ணுக்குச் சொந்தப் புத்தி உண்டா? உண்டானால், கடைசிப் பக்கம் வரை அதை அவளிடம் விட்டு வைத்திருக்கிறார்களா?

முதலாவது, வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. 1879-ல் வந்த, தமிழின் முதல் நாவல். இதில் ஞானாம்பாள் ஒரு நாட்டையே ஆளுகிறாள். சந்தோஷம்! ஆனால் ஆண் வேஷத்தில்தான் ஆளுகிறாள். புத்தி அவளுடையது, மரியாதை வேஷத்துக்கு! அக்காலத்தில் அவ்வளவு சொன்னதே துணிவு. ஆறு மார்க்கு.

இரண்டாவது, மாதவையாவின் ‘முத்து மீனாட்சி’, 1903. பார்ப்பன விதவை தன் கதையைத் தானே சொல்லி, மறுமணமும் செய்து கொள்ளுகிறாள். எட்டு மார்க்கு.

மூன்றாவது, மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை’, 1936. தாசி வீட்டில் வளர்ந்து, அதை உதறி வந்தவரே எழுதியது. 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் வந்ததற்கு இவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் கதை நடுவே பாத்திரங்கள் நம்மைப் போலவே பிரசங்கம் செய்கின்றன. எட்டு மார்க்கு. “நம் இயக்கப் புத்தகத்துக்குப் பத்து இல்லையா?” என்பீர்கள். நம்முடையது என்பதற்காகப் போட்டால் அது பக்தி, பகுத்தறிவு அல்ல.

கடைசியாக நாடகம். நார்வே தேசத்து இப்சன் அதே 1879-ல் எழுதிய ‘பொம்மை வீடு’. நோரா என்பவள் புருஷன் உயிரைக் காக்கத் தகப்பன் கையெழுத்தைத் தானே போட்டுக் கடன் வாங்குகிறாள். அது வெளிப்பட்டதும் புருஷனுக்குத் தன் மானம்தான் பெரிதாகிறது. நாம் இந்த வீட்டில் பொம்மையாகவே இருந்தோம் என்று கண்டு, புருஷனையும் மூன்று பிள்ளைகளையும் விட்டு வெளியேறுகிறாள். பத்து மார்க்கு.

ஆனால் ஜெர்மனியில் நடந்ததைக் கேளுங்கள். பிள்ளைகளை விட்டுப் போவதாக நடிக்க மாட்டேன் என்று நடிகையே மறுத்தார். பிறர் கை வைத்துக் கெடுப்பதைவிடத் தானே மாற்றுவது மேல் என்று, பிள்ளைகளைக் கண்டதும் நோரா தங்கிவிடுவதாக இப்சன் 1880-ல் எழுதிக் கொடுத்தார். கொடுத்தவரே அதைக் காட்டுமிராண்டித்தனம் என்றார். அந்த முடிவுக்கு என் மார்க்கு சைபர்.

தோழர்களே! கதையின் முடிவை ஆசிரியர் மட்டும் எழுதுவதில்லை. காசு கொடுத்துக் கைதட்டுகிற நாமும் எழுதுகிறோம். நாம் எதற்குப் பத்துப் போடுகிறோமோ, அதுவே நாளைக்கு மேடையேறும். நம் வீட்டுப் பெண்களுக்கும் அதுவே பாடமாகும். ஆதலால் நான் சொன்ன மார்க்கையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். படித்துப் பார்த்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைப் போடுங்கள் என்று கூறி முடித்துக் கொள்ளுகிறேன்.